ஈரமணலுக்கு எந்த மெஷின்? அல்லைப்பிட்டியை வைத்து ஒரு பதில்

மெட்டல் டிடெக்டர் வாங்குவதைப் பற்றிக் கதைக்காத பெடியள் இப்ப எங்கட வட்டத்தில் குறைவு. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார், பீப் என்று சத்தம் வருகிறது, குனிந்து கிண்டுகிறார், தங்க மோதிரம். அடுத்த நாளே வட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும்: "மச்சான், ஈரமணலுக்கு நல்லதா, விலையும் குறைஞ்சதா ஒண்டு சொல்லு."

பதிலை முதலே சொல்லிவிடுகிறோம். ஒன்லைனில் சில பத்தாயிரம் ரூபாய்க்கு வருகிற மெஷின் அல்லைப்பிட்டிக் கரையின் ஈரமணலில் உருப்படியாக வேலை செய்யாது. வேலை செய்கிறவற்றில் ஆகக் குறைந்த விலையானதும் ஒரு கம்பஸ் பெடியன் தனியே வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவதுதான் புத்தி. வாங்கினாலும் ஊரின் எந்தப் பக்கத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம், முதலில் உப்பு.

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டச் சுருள் ஒரு மாறுகிற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை எழுப்பும், சுருள் அதைக் கேட்கும். மின்சாரத்தைக் கடத்துகிற எதுவும் இப்படிப் பதில் சொல்லும் என்பதுதான் வில்லங்கம். உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கடல் நனைத்த மணல் முழுவதும் மெஷினுக்கு ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரித்தான் தெரியும். பனைமரங்களுக்குக் கீழே காய்ந்த மணலில் சமத்தாக வேலை செய்த அதே மெஷின், அலை தொடுகிற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு வீச்சுக்கும் கத்தத் தொடங்கும். சுருளைக் கொஞ்சம் தூக்கினாலும் கத்தும், இறக்கினாலும் கத்தும். பொறுக்கமாட்டாமல் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். ஒரு கட்டத்தில் அமைதியாகும், ஆனால் அப்ப மோதிரத்துக்கும் அது அமைதிதான்.

தங்கத்தைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு கெட்ட செய்தி. உப்புத் தண்ணீரின் சத்தமும் மெல்லிய தங்கத்தின் சத்தமும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் விழும். உப்பை வெட்டி எறிந்தால் மெல்லிய தங்கமும் அதோடு சேர்ந்து போய்விடும். மொத்தமான மோதிரம் என்றால் பரவாயில்லை, சங்கிலி என்றால் மோசம். மெஷின் சங்கிலியை ஒரு முழு வளையமாகக் காண்பதில்லை, குண்டூசித் தலை அளவு கண்ணிகளாகத் தனித்தனியே காண்கிறது. மாமி கடலில் தொலைத்த இரண்டு பவுண் சங்கிலியைவிட மாமாவின் மோதிரம் அகப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். பவுண் கணக்கு மெஷினுக்குத் தெரியாது.

இப்ப எங்கட மணலைப் பார்ப்போம். கடற்கரை எல்லாம் ஒன்றில்லை. புல்மோட்டையில் இல்மனைட், ரூட்டைல் கலந்த கனமான கருமணல். அங்கே மெஷினுக்கு இரண்டு எதிரிகள்: உப்பு ஒன்று, கனிமம் ஒன்று. இரண்டும் வேறு வேறு விதமாகச் சத்தம் போடும். ஒரே ஒரு அதிர்வெண்ணில் வேலை செய்கிற மெஷினால் ஒன்றைச் சமப்படுத்தலாம், இரண்டையும் ஒன்றாகச் சமப்படுத்த ஏலாது. தீவகத்து மணல் பெரும்பாலும் சிப்பியும் முருகைக்கல்லும் அரைபட்ட வெள்ளை மணல். இங்கே பிரச்சினை உப்பு மட்டும்தான். அதனால் புல்மோட்டைக்காரரைவிட எங்களுக்குத் தெரிவு கொஞ்சம் கூட.

ஒரே அதிர்வெண் மெஷின்களிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மண்ணுக்கேற்றபடி நாங்களே திருகிச் சமப்படுத்தக்கூடியது ஒரு வகை, கொம்பனியில் ஒருமுறை வைத்த அளவோடு வருவது மற்ற வகை. கறட் நிறுவனத்தின் ஏஸ் 300 நல்ல பெயரெடுத்த மெஷின், காய்ந்த நிலத்தில் அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அது இரண்டாவது வகை, உப்பு ஈரத்துக்கு வளைந்து கொடுக்காது. சீனாவிலிருந்து எம்.டி. என்று தொடங்கும் நம்பர்களோடு வரும் மலிவு மெஷின்கள் பலவும் இந்தக் கூட்டம்தான். துருக்கியின் நொக்டா சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. 12 கிலோஹேர்ட்ஸ், கடற்கரைக்கென்று தனி மோட் இருக்கிறது, தண்ணீருக்குள்ளும் இறக்கலாம். அவுஸ்திரேலியாவின் மைன்லாப் எக்ஸ்-டெரா ப்ரோவும் அப்படித்தான், அதில் அதிர்வெண்ணை மாற்றியும் வைக்கலாம். வெள்ளை மணலில் இந்த இரண்டும் ஒப்பேற்றும். ஒப்பேற்றும் என்றுதான் சொல்கிறோம். ஆழம் குறையும், மெல்லிய தங்கம் தப்பிவிடும்.

ஈரமணலுக்கென்றே சரியான தொழில்நுட்பம், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்புவது. உப்பு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு அளவில் பதில் சொல்லும், மோதிரம் வேறு மாதிரிச் சொல்லும். மெஷின் இரண்டையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடும். முன்பு இது பெரிய காசுக்காரரின் சாமான். 2019இல் மைன்லாப் வான்குவிஷ் வரிசையை இறக்கிய பிறகுதான் கதை மாறியது. அந்த வரிசையில் ஆகச் சின்னதான 340 வெளிநாட்டில் 200 டொலரைச் சுற்றி விற்கத் தொடங்கியது. டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 60,000 ரூபாய். அனுப்பும் கூலி, வரி எல்லாம் சேர்ந்தால் ஒரு இலட்சத்தைத் தொடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கட கணக்கில் ஈரமணலில் நம்பி இறங்கக்கூடிய ஆகக் குறைந்த விலை இதுதான். இதற்குக் கீழே மிச்சம் பிடிக்கிற காசு மிச்சமில்லை, வீண்.

வான்குவிஷுக்கும் ஒரு குறை உண்டு. அடியில் இருக்கும் சுருள் மட்டும்தான் தண்ணீருக்குத் தாங்கும், மேலே இருக்கும் பெட்டி தாங்காது. முழங்கால் தண்ணியில் நிற்கும்போது ஒரு அலை தட்டிக் கை நழுவினால் இலட்சம் ரூபாய் போச்சு. முழுதாக நனையத் தாங்கும் பல அதிர்வெண் மெஷின் வேண்டுமென்றால் நொக்டா லெஜெண்ட், மைன்லாப் ஈக்குவினொக்ஸ் மாதிரி இன்னொரு படி மேலே போகவேணும். விலையும் இரண்டு மூன்று மடங்கு. தீவகத்துக் கரைக்கு அது தேவையில்லை என்பது எங்கட அபிப்பிராயம். பாக்குநீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது குறைவு. யூடியூப்பில் காட்டுகிற இங்கிலாந்துக் கரைகளில் வற்று நேரம் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கி, ஒரு மைதானம் அளவு ஈரமணல் திறந்து கிடக்கும். இங்கே உங்களுக்குக் கிடைப்பது சில அடி அகலமான ஒரு நாடா. அதில் தேடி முடிக்க அரைநாள் காணும்.

துடிப்பு முறை மெஷின் என்று இன்னொரு இனமும் உண்டு. அது உப்பைக் கவனிக்கவே கவனிக்காது, ஆழமும் போகும். சில வீடியோக்களில் கடற்கரைக்கு அதுதான் ராஜா என்பார்கள். எங்கட கரைக்கு வேண்டாம். அதற்கு இரும்பையும் தங்கத்தையும் பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல். மீனவக் கிராமத்துக் கரையில் என்னவெல்லாம் கிடக்கும் என்று யோசியுங்கள். தூண்டில், வள்ளத்து ஆணி, கம்பித் துண்டு, பேணி மூடி, வலையிலிருந்து கழன்ற ஈயம். இந்த வலை ஈயம் இருக்கிறதே, அது நல்ல மெஷினையும் ஏமாற்றும். தங்கம் விழுகிற நம்பரிலேயே ஈயமும் விழும், சோடாப் பேணியின் இழுவை வளையமும் விழும். ஆகவே "தங்கத்தை மட்டும் காட்டும்" என்று ஒருவர் விற்றால் அவர் பொய் சொல்கிறார்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. இரண்டு அன்ரெனாவோடு, கையில் பிடித்தபடி நடந்தால் நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தைக் காட்டுமாம். இதே தத்துவத்தில் கோல்ப் பந்து தேடும் பொம்மையைக் குண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக் என்ற பிரித்தானியருக்கு 2013இல் பத்து வருடச் சிறை கிடைத்தது. அந்தப் பொம்மையை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் குண்டுவெடிப்புகளில் செத்தார்கள். தங்கம் தேடுபவருக்குக் காசு மட்டும்தான் போகும், அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி.

மெஷின் கதை இவ்வளவுதான். இனி அல்லைப்பிட்டி.

பண்ணைப் பாலத்தால் வந்து மண்டைதீவுச் சந்தி தாண்டினால் வருகிற ஊர். யாழ்ப்பாணத்துக்காரர் பலருக்கு அது வேலணைக்கோ குறிகாட்டுவானுக்கோ போகும் வழியில் பஸ் தாண்டிப்போகிற ஓர் இடம், அவ்வளவுதான். ஆனால் சீனப் பீங்கான் ஆராய்கிறவர்களுக்கு அது தெரிந்த பெயர். 1977ஐ ஒட்டி இங்கே வெளிப்பட்ட பீங்கான்களைப் பற்றி ஜோன் கார்ஸ்வெல் எழுதினார். 2018இல் ஷங்காய் அருங்காட்சியகமும் எங்கட மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கான துண்டுகள் வந்தன. 11ஆம் நூற்றாண்டின் கடைசி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம், சீனத்தில் வட சொங் வம்சத்துக் காலம். தென்சீனச் சூளையில் சுட்ட கிண்ணம் கப்பலேறி வந்து அல்லைப்பிட்டி மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

ஏன் இங்கே என்று கேட்டால், பக்கத்திலேயே ஊர்காவற்துறை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு வருகிற பரதேசி வணிகரைக் காப்பாற்ற வேணும் என்பது அதில் ஒரு கட்டளை. இன்னொன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது: யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கரையில் ஒதுங்கும் பொருள் ஆருக்குச் சொந்தம் என்று தீவகத்தில் எண்ணூறு வருடங்களுக்கு முன்னமே தமிழில் சட்டம் எழுதியிருக்கிறார்கள். கண்டெடுத்தவனுக்குப் பங்கு ஒன்றும் அதில் இல்லை, கவனியுங்கள்.

இப்ப யோசித்துப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாய் மெஷினைக் கொண்டு அல்லைப்பிட்டி மணலில் நடக்கிறீர்கள். காலுக்கு ஓரடி கீழே ஒரு சொங் காலத்துக் கிண்ணம். மெஷின் வாயே திறக்காது. பீங்கானுக்கு அதில் காது இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு செப்புக் காசோ துருப்பிடித்த ஆணியோ இருந்தால் பீப் வரும், நீங்கள் மண்வெட்டியைப் போடுவீர்கள். காசு உங்கள் கையில், கிண்ணம் நாலு துண்டாய். காசைச் சட்டைப்பைக்குள் போட்டதும் அதுவும் ஊமையாகிவிடும். எந்த மட்டத்தில், எந்தப் பீங்கானோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் இரண்டுக்கும் காலம் சொல்வது. யாழ்ப்பாண அரசரின் சேது நாணயமோ ஒல்லாந்தரின் செப்புக்காசோ, மண்ணிலிருந்து பிரிந்து வந்தால் வெறும் பச்சை பிடித்த செம்பு. அதை உருக்கினாலும் தேத்தண்ணிக் காசு வராது.

சட்டமும் இதில் தெளிவு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. இன்னும் கண்டெடுக்கப்படாதவை நிலத்துக்குள் கிடந்தாலும் கடலுக்குள் கிடந்தாலும் அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது. இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு தேடலாம், கண்டதைப் பதிய 1997இலிருந்து ஒரு முறையான திட்டமே ஓடுகிறது. அந்த வீடியோக்களில் சிரித்துக்கொண்டு தோண்டுகிறார்கள் என்றால் காரணம் அது. இங்கே புதையல் தோண்டப் போய் ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறதே. எல்லாத் தொல்பொருளும் அரசுக்கே என்ற ஏற்பாட்டில், அந்த அரசு எங்கட மரபை எப்படி நடத்துகிறது என்பது பற்றி எங்களுக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பதில் நாங்கள் களவாகக் கிண்டுவதல்ல. கிண்டினால் நட்டம் கொழும்புக்கு இல்லை, அல்லைப்பிட்டிக்கு.

இன்னொரு இரும்பும் இந்த மண்ணில் கிடக்கிறது. 1990இல் தீவகம் இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. அதே மாதம் 20ஆம் திகதி பங்குத்தந்தை ஜிம் பிரவுன் காணாமல் போனார், இன்றுவரை இல்லை. எங்கட வயதுக்காரருக்கு அது பிள்ளைப் பருவம். ஊரில் எங்களைவிட மூத்தவர்களுக்கு டிடெக்டர் என்றால் ஞாபகம் வருவது தங்கமில்லை, மிதிவெடி. கண்ணாடிக் கவசம் போட்டு, முகமாலை மணலில் முழங்காலில் நின்று ஒவ்வொரு அடியாகத் தேடிய எங்கட ஊர்ப் பெண்கள் கையில் இருந்ததும் இதே இனத்து மெஷின்தான். உண்மையில் கையில் கொண்டுபோகும் டிடெக்டர் வளர்ந்ததில் கண்ணிவெடிக்கும் பெரிய பங்கு உண்டு. போலந்து நாட்டு யோசெப் கொசாக்கி அமைத்த கருவி 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் வெடி தேடியது. மைன்லாப் இன்றும் இரண்டுக்கும் மெஷின் செய்கிறது.

ஆனால் உங்கள் கையில் இருக்கப்போவது பொழுதுபோக்கு மெஷின். பிளாஸ்டிக் உடல் கொண்ட மிதிவெடியில் உலோகம் மிகக் கொஞ்சம். அதைப் பொழுதுபோக்கு மெஷின் காட்டும் என்று நம்பக் கூடாது. வீடியோக்களில் முதல் பாடம் இரும்பு ஒலியை அணைத்துவிடு, நேரம் மிச்சம் என்பார்கள். எங்கட கரையில் தலைகீழ். இரும்பு ஒலியைத் திறந்து வையுங்கள், கேட்டால் தோண்டாமல் தள்ளிப் போங்கள். பெரிய இரும்பு சிலநேரம் நல்ல உலோகம் மாதிரி உயர்ந்த ஒலியிலும் பாடும். ஆகவே பலமான, அகலமான சத்தம் எதுவாக இருந்தாலும் கை வைக்க வேண்டாம். துருப்பிடித்த உருளையோ கூம்போ கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கேட்டார்: அப்ப அம்மம்மா தாட்டு வைச்ச நகை? நியாயமான கேள்வி. இடம்பெயரும்போது நகையையும் பித்தளைப் பாத்திரத்தையும் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன குடும்பங்கள் கனக்க. திரும்பி வந்தபோது அடையாளம் வைத்த மாமரம் இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை. உங்கட வளவு, உங்கட நகை, அதைத் தேடுவதை நாங்கள் புதையல் வேட்டை என்று சொல்லமாட்டோம். வளவு காய்ந்த மண் என்றால் உப்புப் பிரச்சினையும் இல்லை. நாங்கள் மேலே தட்டிக் கழித்த ஏஸ் 300 அங்கே தாராளமாகக் காணும். ஆனால் வெடி பற்றிச் சொன்னது வளவுக்கும் பொருந்தும். பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு என்றால் இன்னும் கூடப் பொருந்தும்.

சரி, ஈரமணலில் எங்கேதான் தேடுவது? எங்கட பதில் சாட்டி. வேலணையில், அல்லைப்பிட்டியிலிருந்து கிட்டத்தான். சனம் குளிக்கிற கரை, லீவு நாளில் வான் வானாக வந்து இறங்குகிற கரை. மோதிரமும் தோடும் சில்லறையும் தொலைவது அங்கேதான். ஆயிரம் பேர் மிதித்த, குளித்த அந்த நாடாவில், கையால் தோண்டும் ஆழத்துக்கு மேல் போகாமல் தேடலாம். கரைக்கு மேலே மேட்டுப் பக்கமோ, அல்லைப்பிட்டியில் பீங்கான் வந்த நிலத்தின் பக்கமோ மெஷின் போகக் கூடாது. தொலைத்தவர் தேடி வந்தால் பொருளைக் கொடுத்துவிட வேணும். யாரும் வராத சில்லறை பெற்றரிக்குக் காணும்.

வாங்குவதற்கு முன்னம் ஒரு வேலை. இந்த நாட்டில் இப்படியான மெஷினைப் பெடியள் கொண்டு திரிந்தால் கடற்படையும் பொலிசும் கேட்கத்தான் செய்யும். காசு கட்ட முன்னமே சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "பிரச்சினை வராது தம்பி" என்று விற்பவர் சொல்லுவார். பிரச்சினை வரும் நாளில் அவரது ஃபோன் வேலை செய்யாது.

ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பதினேழாயிரத்துக்குள் முடியும். அதோடு ஒரு ஹெட்போன் வேணும். அலைச் சத்தத்தில் மெல்லிய பீப் கேட்காது, பக்கத்தில் குளிக்கிறவர்களுக்கும் தொல்லையில்லை. மணல் அள்ளும் துளை அகப்பைக்கு இணையத்தில் டொலர் கொடுக்க வேண்டாம், கல்வனைஸ் தகட்டை வளைத்துத் துளை போட்டுத் தர ஊரில் ஒட்டுவேலைக்காரர் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் சுருளையும் தண்டையும் நல்ல தண்ணியால் கழுவ வேணும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திருகாணி எல்லாம் இறுகிவிடும். தீவகத்தில் நல்ல தண்ணி வாளி வாளியாக ஊற்றுகிற சாமான் இல்லை. ஆகவே மெஷின் ஆர் வீட்டில் நிற்பது என்பதைக் கிணற்றைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.